எங்களுக்காக எடுத்து வைத்த ரீல்

எனக்குக் கம்பி பார்க்க வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஆசைகளில் பெரியது அதுதான்.

எழுபதுகளின் நடுவில், அரூரில், தாவணி போட்ட பெண்ணுக்கு என்னென்ன ஆசை வரலாம் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்தது. பூ, வளையல், கவர்மெண்ட் உத்தியோகத்தில் ஒரு மாப்பிள்ளை. என் ஆசை அதில் எதிலும் அடங்காது. திரையில் ஒரு தட்டு வானத்தில் பறக்கிறது என்றால், அதைப் பிடித்திருக்கிற கம்பி எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் அதைவிடச் சந்தோஷம். எப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளலாமே.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். கடைவீதியில் தையல்கடை வைத்திருந்த பாயின் மகள். என் அண்ணன் சேலத்துக்குப் போய்வரும்போதெல்லாம் காமிக்ஸ் வாங்கி வருவான், படித்ததும் மூலையில் எறிவான். அங்கிருந்து எங்கள் ராஜ்ஜியம். தோளில் துணி கட்டிக்கொண்டு பறக்கிற ஒருவன் அதில் வருவான். அட்டையில் மட்டும்தான் கலர். உள்ளே கறுப்பு வெள்ளை, அதுவும் மை ஈஷி, அவன் எது மேகம் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் கண்டுபிடித்தோம். அவன் எங்களுக்குச் சொந்தம்.

“இந்தத் துணியக் கழுத்துல கட்டிக்கிட்டுப் பறந்தா காத்து பின்னால இழுக்கும்டி, தொண்டை நெரிச்சுரும்” என்பாள் அவள். “தோள்பட்டையில வெச்சுத் தெச்சிருக்கணும். எந்த டெய்லரு தெச்சான் இத? எங்கப்பாகிட்ட வந்திருந்தா ஒழுங்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.”

அவள் வீட்டுப் பின்கட்டில் நாங்களே பறக்கும் தட்டு செய்தோம். இரண்டு எவர்சில்வர் மூடிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டி, கறுப்பு நூலில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்து, கீழே சாம்பிராணி போட்டோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பறந்தது. இரண்டு கண்ணையும் திறந்தால் தொங்கியது. அந்த இரண்டாவது கண்ணை ஏமாற்றுவதற்குத்தான் உலகத்தில் எங்கேயோ கெட்டிக்காரர்கள் ராப்பகலாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. அவர்களைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கூடவே, அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கவும் வேண்டும்.

சாமி படங்களில் பிடித்துவிடுவோம். முனிவர் மேகத்தில் வருவார், நாங்கள் இருவரும் ஒரே குரலில் “கம்பி!” என்போம். பின்னாலிருந்து திட்டு விழும்: “சாமியப் பாருங்கடின்னா கம்பியப் பாக்கறாளுங்க.”

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் போஸ்டர் வந்தது. மாடி மாடியாக ஒரு நகரம், அதன் தலைக்கு மேல் வெள்ளியாய் ஒரு பெரிய தட்டு, அதிலிருந்து பச்சை வெளிச்சம் கொட்டுகிறது. இங்கிலீஷ் படம். ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சி, ஒரே ஒரு காட்சி. திங்கட்கிழமை படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். எங்கள் ஊரில் ஞாயிறு காலை இங்கிலீஷ் படத்துக்குப் பெண்கள் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே வராத அளவுக்கு அது தடை.

கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத என் அண்ணிதான் துணிந்தார்.

“அத்தை, பறக்கற தட்டுப் படங்க. புஷ்பக விமானம் மாதிரின்னு வெச்சுக்கங்களேன்” என்றார் அம்மாவிடம்.

“அப்ப பக்திப் படமா?”

“கிட்டத்தட்டங்க.”

பாயிடமும் அவரே போய்ப் பேசினார். அம்மா போகச் சொன்னார், ஆனால் இது ஒரு தடவைதான், இனி இந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். ஒரு காட்சி, ஒரு அனுமதி. எனவே நாங்கள் திட்டம் போட்டோம். தட்டு கிளம்பும்போது திரையில் இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு. எது நடந்தாலும் அடுத்தவள் பாதியைப் பார்க்கக் கூடாது.

“எனக்கு எந்தப் பாதி?” என்றார் அண்ணி.

“நீங்க கதையப் பாருங்க அண்ணி. அப்புறமா எங்களுக்குச் சொல்லுங்க.”

கொட்டகையில் பெண்கள் பக்கம் நாங்கள் மூன்று பேர் மட்டும். ஆண்கள் பக்கம் நிறைந்து கிடந்தது. எல்லாத் தலைகளும் ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பி, திரும்பிய வேகத்தில் நேராயின. மேனேஜரே ஓடி வந்தார். பெஞ்சைத் துடைக்கச் சொன்னார். எங்கள் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போடச் சொன்னார். “ஒண்ணும் சங்கடப்படாம பாருங்கம்மா, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் அறைக்குப் படியேறினார். எவ்வளவு நல்ல மனுஷன் என்றார் அண்ணி.

படம் ஓடியது. பாஷை புரியவில்லை, புரியவும் வேண்டாம். கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் வானத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். யாரும் நம்பவில்லை. அவருடைய உதவியாளன் ஒருவன், கூட ஒரு பெண். தூரத்தில் ஒரு வெளிச்சம் முளைத்தது. என் கூட்டாளி என் கையைக் கிள்ளினாள். அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டாக மாறியது. நகரத்துக்கு மேல் வந்து நின்றது. நான் என் பாதியில் கண்ணை ஊன்றினேன். உதவியாளனும் அந்தப் பெண்ணும் ஒரு குன்றின் மேல் நின்று அதை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகங்கள் நெருங்கின.

திரை ஒரு குதி குதித்தது.

நகரம் இடிந்து கிடந்தது. தட்டு உடைந்து புகைந்துகொண்டிருந்தது. உதவியாளன் தலையில் கட்டு. எல்லாம் முடிந்துபோயிருந்தது.

“டேய் ஆபரேட்டரு! ரீலு எங்கடா?” ஆண்கள் பக்கம் பெஞ்சுகள் அதிர்ந்தன. விளக்கைப் போட்டார்கள். மேனேஜர் இறங்கி வந்தார். நேராக எங்களிடம்தான் வந்தார்.

“தர்மபுரியில ஓடின பெட்டிங்கம்மா. எந்த ரீல்ல என்னா வருதுன்னு எங்களுக்குத் தெரியும். அதுல ஒரு சீன் வருது. நீங்க பாக்கற மாதிரி இல்ல. அதான், உங்களுக்காவத்தான், அந்த ரீலையே எடுத்து வெக்கச் சொன்னேன்.”

“அந்த ரீல்லதாங்க எல்லாமே இருக்குது!” என்றாள் என் கூட்டாளி. “நாங்க கண்ண மூடிக்கறோம்ங்க. அது முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க, தொறக்கறோம்.”

“உங்களுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் எதுக்கும்மா?”

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். கேலியில்லை, உண்மையாகவே கும்பிட்டார். “ஆத்தா, புண்ணியமாப் போவும். நீங்க வூட்டுக்குக் கெளம்புனா அவரு ரீலப் போட்டுருவாரு.”

மேனேஜர் மறுக்கவில்லை. தரையைப் பார்த்தார். அண்ணி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். நாங்கள் நடந்தோம். எங்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்கள், அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை எதைக் கொண்டு அடிப்பது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, ஐம்பதை நெருங்குகிற இன்றும் தெரியவில்லை. ஒருவன் வம்பு செய்தால் செருப்பைக் கழற்றலாம். கதவைத் திறந்து பிடிக்கிறவனை என்ன செய்வது?

வெளியே ஆவணி வெயில். கொட்டகையின் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு கிளம்பியது. முதலில் ஒரு ரீங்காரம். அது உயர்ந்தது, உயர்ந்துகொண்டே போனது. பிறகு ஒரு வெடி. விசில். கைதட்டல். யாரோ “அடேங்கப்பா” என்று கத்தினார்கள். என் கூட்டாளி தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள், சூடு தாங்காமல் எடுத்தாள், மறுபடி வைத்தாள். “அதிருதுடி” என்றாள். “வாங்கடி போலாம்” என்று அண்ணி இழுத்தும் நாங்கள் நகரவில்லை.

கதவு திறந்தது. முகமெல்லாம் வெளிச்சமாக ஆண்கள் வந்தார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முதலில் வந்த கண்டக்டர் சட்டைக்காரரை மறித்தாள்.

“ஏங்கண்ணா, தட்டு மேல ஏறுச்சே, கம்பி தெரிஞ்சுதுங்களா?”

“கம்பியா?” அவர் விழித்தார். பிறகு, எங்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக் குரலைத் தணித்தார். “பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்லம்மா. கன்னத்துல சும்மா ஒண்ணு குடுத்தான், அவ்ளோதான். நீங்களே இருந்து பாத்திருக்கலாம்.”

“அது இல்லீங்கண்ணா. தட்டு. தட்டு எப்படி ஏறுச்சு?”

“அது ஏறுச்சு” என்றார், கையை மேலே தூக்கிக் காட்டி. “சும்மா சர்ருனு.”

பின்னால் வந்தவரைக் கேட்டாள். அவருக்குப் பின்னால் வந்தவரைக் கேட்டாள். சர்ருனு, விர்ருனு, பொகையா இருந்துது, நல்லா இருந்துது. கொட்டகை காலியாகும்வரை கேட்டாள். அத்தனை கண்கள் பார்த்திருந்தன. இடது பாதியைப் பார்த்தவர் ஒருவரில்லை, வலது பாதியைப் பார்த்தவர் ஒருவரில்லை.