நடவு வரிசையில் என் இடம்

எனக்கு வரும் வலிப்பை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. விழுந்தேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஐந்தாம் வகுப்பில் இரண்டு முறை விழுந்தேன். அதோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் எனக்கு எந்த வேலை ஆகும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஏர் பிடித்தால் கொழு காலில் பாய்ந்துவிடும். மடை பார்க்கப் போனால் தனியாக நிற்க வேண்டும். குப்புற விழுந்தவன் சாக, கணுக்கால் அளவு தண்ணீர் போதும்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, நடவுப் பெண்களைக் கூட்டிப் போகிறவள். அவள்தான் வழி சொன்னாள். "எங்க வரிசையில நில்லுடா. ரெண்டு பக்கமும் ஆளு இருக்கும்ல."

நடவு பெண்கள் வேலை. பத்தொன்பது வயதில் வேட்டியை மடித்துக் கட்டி, இருபது பெண்களுக்கு நடுவில் குனிந்தேன். வரப்பில் போகிற ஆண்கள், "மச்சான், பூ வைக்க மறந்துட்டியே" என்பார்கள். நான் நிமிரவே மாட்டேன். நிமிராததாலேயே கை வேகம் பிடித்தது.

அது கூலிச் சண்டை நடந்த காலம். ஆளுங்கட்சிக்காரர்கள் மேடையில் நில உச்சவரம்பு பற்றிப் பேசினார்கள். எங்கள் தெருவில் செங்கொடி பறந்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. அந்தக் குறுவைக்கு மிராசுதார், வயல்களை மேற்பார்க்கத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து புதுக் காரியக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார். அவருக்கு என்னைப் பற்றித் தெரியாது.

முதல் நாளே வரப்பில் நின்று கத்தினார். "ஏய், ஆம்பளைக்கு அங்க என்னடா வேலை? வாய்க்கா தலைப்புல மடை ஒடைஞ்சு கெடக்கு. போய் அடை."

வாய்க்கால் தலைப்பில் ஆள் நடமாட்டமே இருக்காது. நான் அசையவில்லை.

"அவனுக்குக் காலு சுளுக்குங்கய்யா" என்றாள் அத்தை.

"சுளுக்குன காலோடதான் சேத்துல நிக்கிறானா?"

வலிப்பு என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதற்குத்தான் அந்தப் பொய். எனக்காகப் பெண்கள் வேலையை விட்டுக் கரையேறினால், மறுநாள் லாரியில் வேறு ஆட்கள் வந்து இறங்குவார்கள். அதுவும் எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்தேன்.

"எனக்கு வலிப்பு வருங்க. தண்ணியில தனியா நிக்கக் கூடாதுங்க."

வெளியாள் ஒருவரிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் எழும்பவில்லை, திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

"செத்துகித்துப் போனா யாரு பதில் சொல்றது?"

"நாங்க சொல்றோம்" என்றாள் அத்தை. "அவன் நட்டதப் பாருங்க. ஒரு குத்து மிதந்தாலும் இப்பவே அனுப்பிடுங்க."

அவர் குனிந்து, நான் நட்ட நாற்றில் ஒரு குத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார்.

"பொம்பளக் கூலிதான்."

"சரிங்க" என்றேன்.

பொம்பளக் கூலிக்கு ஒத்துக்கொண்டு ஆண் கூலியை நான் கெடுத்துவிட்டதாக அன்று மாலை செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் திட்டினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. "அப்ப பொம்பளக் கூலி ஏன்டா கம்மி?" என்று அத்தை அவர்களைத் திருப்பிக் கேட்டாள். இன்றுவரை நடவுதான் என் பிழைப்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையால் இப்போது விழுவது அபூர்வம். அன்று மாத்திரை கிடையாது.

காரியக்காரர் வந்த பத்தாம் நாள் விழுந்தேன். கண் திறந்தபோது வரப்பில் ஒருக்களித்துக் கிடந்தேன், வாயெல்லாம் சேறு. வரிசை நட்டுக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து வெகுதூரம் போயிருந்தது. பச்சைக்கு நடுவே என் பங்கு மட்டும் வெறும் சேறாக நீண்டு கிடந்தது. காரியக்காரர் அதைப் பார்த்தபடி நின்றார்.

"ஏன் அத்தை, என் பங்க மட்டும் நடாம விட்டுட்டீங்க?"

"நாங்க என்ன ஒனக்கு வேலக்காரியளா? தலை தெளிஞ்சதும் எந்திரிச்சு வந்து நடு."

அதைக் கேட்டுவிட்டுக் காரியக்காரர் அடுத்த வயலுக்கு நடந்தார். வெயில் சாய்ந்ததும் இறங்கினேன். நான் நட்டு முடிக்கும்வரை அத்தை வெற்றிலை மென்றபடி பக்கத்திலேயே நின்றாள்.