பதினாறு எக்ஸ்டென்ஷனும் ஒரு செப்புத் தகடும்

"இந்தப் பிள்ளைக்குச் சத்தமே வர மாட்டக்கு. இதக் கொண்டு போயி போன்ல உக்கார வைக்காவளே நம்ம முதலாளி!"

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நான் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்று, அடுக்களையில் சமையல் மாஸ்டர் யாரிடமோ சொன்னது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. எங்கள் வேலையைப் பேசுகிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து காது சிவந்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: அது கேட்கிற வேலை. அதிலும் பாதி திட்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டுத் தென்காசியில் வீட்டோடு இருந்தேன். இந்த வேலை நிலைக்காவிட்டால் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருந்தார். அதனால் எதைக் கண்டாலும் வேலையை விடுகிற நிலையில் நான் இல்லை.

ஆறடிக் குழி

சித்திரையில் மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து போர்டை மாட்டினார். வெளி லைன் இரண்டு. அறைகளுக்குப் பதினாறு எக்ஸ்டென்ஷன். முதலாளி அண்ணாச்சி காட்டிய சுவருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சாரல் காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும், ஆகாது என்று மெக்கானிக் மறுத்துவிட்டார். போர்டு வரவேற்பு அறைக்கு வந்தது.

பிறகு காம்பவுண்டு மூலையில் ஆறடிக்குக் குழி வெட்டச் சொன்னார். அண்ணாச்சியே தென்காசிக்குப் போய் வாங்கி வந்த செப்புத் தகட்டில் கம்பியைப் பிணைத்து உள்ளே இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார். கம்பியின் மறுமுனையைப் போர்டில் முடுக்கினார். எர்த் என்பது இதுதான். படித்திருந்தேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றுதான்.

எதற்கு இவ்வளவு ஆழம் என்று மெல்லக் கேட்டேன். மெக்கானிக் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வெளிய கம்பத்துல இடி விழுந்தா லைன் வழியா உள்ள வரும்மா. குழி இருந்தா பூமிக்குப் போயிரும். இல்லேன்னா உங்க காதுக்கு வரும். ஹெட்போன் அங்கதான இருக்கு?"

கொடி

ஆனியில் கூட்டம் வந்தது. சாரல் காலத்துக் குற்றாலத்தில் எதுவும் கிடைக்கும், காய்ந்த துணி கிடைக்காது. ஒருநாள் காலையில் மாடி அறைகள் நான்கும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. ஏறிப் போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்து ஓரமாக ஆணியடித்து இழுத்திருந்த டெலிபோன் வயரில் இரண்டு சேலை, ஒரு ஜமுக்காளம், எண்ணத் தெம்பில்லாத அளவுக்குத் துண்டுகள். ஆணி பெயர்ந்து, வயர் தொட்டில் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

மணி அடிக்கிற நேரத்தில் அந்த வயரில் மின்சாரம் வரும், ஈரக்கையோடு தொட்டால் உதறும் என்று அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் சொன்னேன். என் குரலில் அது எச்சரிக்கையாகக் கேட்கவில்லை போலும். அவர் இன்னொரு ஜாக்கெட்டையும் உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "வேற எந்த லாட்ஜிலயும் இப்படிக் கொடி கட்டி வைக்கலம்மா. ரொம்ப நல்ல ஏற்பாடு."

நல்லெண்ணெய்

ஏழாம் நம்பர் அறைக்காரர் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவிக்குக் கிளம்பும் முன் ஊருக்குப் பேசுவார். ஒரு வாரத்தில் ரிசீவரின் துளையெல்லாம் பிசுக்கு அடைத்துவிட்டது. துடைக்கப் போனேன். அவர் கோபமாகச் சொன்னார்: "ஒரு வாரமா எவன் பேசுததும் எனக்குச் சரியா கேக்கல. என்ன போன் வச்சிருக்கிய!"

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்

ஆடியில் சாரல் நின்றது. அருவி நூலாக இளைத்து, வந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். பதினாறு எக்ஸ்டென்ஷனும் இருந்தன. பேச ஆள் இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்தது. செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலையாள மந்திரவாதியை அழைத்து வந்தார். அவர் காம்பவுண்டைச் சுற்றிவந்து, மண் புதிதாகத் தெரிந்த மூலையில் நின்றார். "இவிடெ ஒரு தகடு உண்டு" என்றார்.

வெட்டினார்கள். உப்பு வந்தது, கரி வந்தது, கடைசியில் தகடும் வந்தது. சமையல் மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஓடிப்போய், "அண்ணாச்சி, இது எர்த் தகடு" என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவைதான் அவர் திரும்பினார். அதற்குள் தகடு சிவப்புத் துணியில் சுற்றப்பட்டு, சிற்றாற்றில் விடப் போய்க்கொண்டிருந்தது.

"தெரியும் பிள்ள, நாந்தான வாங்கிக் குடுத்தேன்" என்றார் அண்ணாச்சி. "ஆனா வச்சவன் யாரு? மதுரைக்காரன். அவன் மனசுல என்ன இருந்துதோ, நமக்குத் தெரியுமா?"

ஐப்பசி

சாரலில் இடி இருக்காது. ஐப்பசி மழை இடியோடுதான் வரும். புதுத் தகடு கேட்டு அண்ணாச்சியிடம் நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் "பாப்போம்" என்றார். போர்டின் பின்னால் அறுந்த கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. தினம் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டுவேன். வானம் உறுமினால் கழற்றி மேஜையில் வைப்பேன். திட்டு விழும். திரும்பவும் மாட்டுவேன்.

அன்று மத்தியானம் மூன்றாம் நம்பர் அறைக்காரர் சென்னைக்கு டிரங்க்கால் பதிந்துவிட்டு என் எதிரிலேயே நின்றார். மலை மேல் ஒரு முழக்கம் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றினேன். "மாட்டும்மா, எக்ஸ்சேஞ்சுல கூப்பிடப் போறான்" என்று அதட்டினார். என் கை நீண்டது. அது ஹெட்போனைத் தொடுமுன் கண் கூசுகிற வெளிச்சம் ஒன்று அடித்தது. போர்டு முழுக்கப் பட்டாசுக் கட்டு மாதிரி வெடித்தது. புகை அடங்கிய பிறகு பார்த்தால், போர்டில் பாதி கரி. ஹெட்போனில் காது வைக்கிற இடம் மெழுகாக உருகி மேஜையோடு ஒட்டியிருந்தது.

நான் சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். அவர் குனிந்து கேட்டார்: "அப்ப என் கால் எப்பக் கிடைக்கும்?"

இரண்டாம் தகடு

மதுரை மெக்கானிக் திரும்பி வந்தார். குழி இல்லாமல் போர்டைத் தொட மாட்டேன் என்றார். அண்ணாச்சி உருகிய ஹெட்போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதுத் தகட்டுக்குச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: மந்திரவாதியும் கூட இருக்க வேண்டும்.

இருவரும் குழிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள், ஒருவர் கையில் கம்பி, இன்னொருவர் கையில் எழுத்தாணி. காப்புத் தகடு என்றால் ஓர் ஆள் பேரில்தான் எழுத வேண்டும், யார் பேரில் என்று மந்திரவாதி கேட்டார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்: "போர்டுல உக்காருதது நீதான? சொல்லு பிள்ள."

நான் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன், மந்திரவாதி அதைப் புதுத் தகட்டிலேயே எழுதினார், மெக்கானிக் அதில் கம்பியைப் பிணைத்துக் குழிக்குள் இறக்கினார்.