பெரிய கங்காணியின் அரிசிச் சோதனை

ஒரு பித்தளைத் தட்டு, விளிம்பில் ஒரு நசுங்கல், நடுவில் ஒரு பிடி பச்சரிசி. பெரிய கங்காணியை நினைத்தால் அவருடைய தலைப்பாகையோ கைத்தடியோ எனக்கு முதலில் வருவதில்லை. இந்தத் தட்டுதான் வருகிறது. நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நம்பிக்கையான வேலை எது காலியானாலும் அவர் ஆள் எடுத்த முறை ஒன்றே. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கையில், வேலை கேட்டவர்களை மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்துவார். ஆளுக்கு ஒரு வாய் அரிசி. "பொய் சொல்ல மாட்டேன், களவெடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மென்று தட்டில் துப்ப வேண்டும். ஈரமாக விழுந்தால் நல்ல ஆள். பொடியாக விழுந்தால் கள்ள ஆள். அவர் இதை ஏமாற்றாகச் செய்யவில்லை. மனதார நம்பினார். எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவு வராததற்கு அதுவே காரணம்.

என் அம்மா கேட்டது பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரைக்குக் கீழே இருக்கலாம். நெஞ்சில் சளி கட்டிய உடம்போடு மலை ஏற வேண்டாம். சோதனை அன்று அவளுக்குக் காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு மெல்லுறேங்க" என்றாள்.

"தண்ணி வேணுமாமில்ல மகாராணிக்கு! உண்மை பேசுற வாய்க்கு ஊத்து உள்ளேயே இருக்கும்டி" என்றார் பெரிய கங்காணி. பெரட்டே சிரித்தது. அம்மாவின் வாயிலிருந்து அரிசி மாவாக விழுந்தது. அன்று முதல் எங்கள் லய வீடுகளில் அவள் பெயர் மாவுக்காரி. மறுபடி மலைக்கே போனாள். அந்த மழைக்காலம் முடியும் முன் செத்துப்போனாள்.

என்னைப் பதுளைக்கு அழைத்துப்போய் வளர்த்தது சின்னம்மா. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கவும் மருந்து கலக்கவும் படித்தேன். ஒரு நாள் டாக்டரம்மா, வாய் உலர்வதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். காய்ச்சல், தாகம், பட்டினி, பேதி, பயம், சில மருந்துகள். பொய் அந்த வரிசையில் இல்லை. அன்றிரவு புத்தகத்தில் இன்னொரு முறை தேடினேன். அங்கேயும் இல்லை.

படிப்பு முடிந்ததும் அதே தோட்டத்து மருந்தகத்தில் வேலை கேட்டு வாங்கினேன். பெரிய கங்காணிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "வாங்க நர்ஸம்மா" என்று கும்பிட்டார்.

அடுத்த ஆண்டு, தோட்டத்து அரிசியைப் பூட்டி வைக்கும் அரிசிக் காம்பராவின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று புதிய துரை கிளாக்கரையும் பெரிய கங்காணியையும் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். அந்தச் சாவி எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் எல்லா வீட்டு உலையும். பெரிய கங்காணியோடு இன்னும் இரண்டு பேர் அதைக் கேட்டிருந்தார்கள். சாதகம் பார்க்கலாம் என்றார் கிளாக்கர். பெரிய மனிதர்களிடம் நற்சாட்சிக் கடுதாசி வாங்கிவரச் சொல்லலாம் என்றார் துரை. சாதகத்தைத் திருத்தி எழுதலாம், கடுதாசியை விலைக்கு வாங்கலாம், அரிசிச் சோதனையைத்தான் தோட்டம் முழுவதும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றேன் நான். பெரிய கங்காணி வாயில் அரிசியோடு நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்ற காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

"படிச்ச புள்ளையே சொல்லிருச்சு பாருங்க!" என்று பெரிய கங்காணி பூரித்துப்போனார்.

சோதனையை மாலைப் பெரட்டில் வைத்தார்கள். மதியம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். "குடலைப் புடிச்சு முறுக்குது நர்ஸம்மா. சாயந்திரம் நேரா நிக்க வச்சிருங்க."

நீலப் புட்டியிலிருந்து பெல்லடோனாச் சொட்டு கொடுத்தேன். அந்த வலிக்கு அதுதான் மருந்து, அளவும் சரி. யாருக்குக் கொடுத்தாலும், "வாய் உலரும், பயந்துக்காதீங்க" என்று சொல்லி அனுப்புவது என் வழக்கம். அவருக்குச் சொல்லவில்லை.

மற்ற இருவரும் துப்பியது ஈரமாக விழுந்தது. பெரிய கங்காணி வெகுநேரம் மென்றார். கன்னம் அசைந்தது, கண் பிதுங்கியது, அரிசி மட்டும் நனையவில்லை. கடைசியில் துப்பியபோது தட்டிலிருந்து தூசி எழுந்தது.

"மாவு நல்லா அரைச்சிருக்குங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். பெரட்டு சிரித்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "தண்ணி குடும்மா."

"உண்மை பேசுற வாய்க்கு ஊத்து உள்ளேயே இருக்குமுங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ யாரு பொண்ணு?"

"புள்ளை மடுவத்து வேலை கேட்டு வந்து, இதே தட்டுல மாவாத் துப்புனவ பொண்ணுங்க."

உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "எத்தனையோ பேரு துப்புனாங்களேம்மா."

சாவி வேறொருவருக்குப் போனது. எனக்கு அது பெரிதில்லை. என் அம்மாவை அவருக்கு நினைவே இல்லை என்பதுதான் எனக்குள் தங்கியது. அதுவரை ஏதாவது ஒரு நாள் அவரிடம் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன் என்றுகூட இருந்தேன்.

அவர் அந்தத் தட்டைப் பிறகு தொடவில்லை. கோயில் மூலையில் கிடந்ததைப் பூசாரியிடம் கேட்டு வாங்கி, புளி போட்டு விளக்கி, மருந்தகத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளை மடுவத்துக்கு ஆள் எடுப்பது இப்போது என் பொறுப்பு. வேலை கேட்டு வருகிறவளை முதலில் உட்கார வைத்து, அந்தத் தட்டில்தான் தண்ணீர்ச் செம்பை வைத்து நீட்டுகிறேன். அவள் குடித்து முடித்த பிறகுதான் பேச்சு.

பெரிய கங்காணி இன்னும் வயிற்று வலிக்கு வருகிறார். தட்டைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொள்வார். "அன்னிக்கு நான் என்ன பொய் சொன்னேன்னு இன்னும் புடிபடல நர்ஸம்மா. ஆத்தாளுக்குக் கெடா வெட்டியும் கேட்டுட்டேன்" என்பார்.

பதில் என் அலமாரியில், நீலப் புட்டியில் இருக்கிறது. இப்போதெல்லாம் அவருக்கு அதைத் தருவதில்லை; இன்னொரு முறை வாய் உலர்ந்தால் அவருக்குப் புரிந்துவிடும். ஓமத்திராவகம் கொடுத்து அனுப்புகிறேன்.