கேரியர் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, மோர்க்குழம்பு நிறம். அதைத் துடைத்து, செஞ்சிக் கோட்டை வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்ப நிறுத்துவதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை. அந்த வண்டியால் வீட்டுக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது என் மனைவியின் கட்சி. மூன்று வருடமாக அவள் அதில் ஏறவே இல்லை. வேண்டுமென்றே பஸ்ஸில் போவாள்.

அவள் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். போன ஆவணியில் பக்கத்து ஊரான வல்லத்தில் ஒரு நிச்சயதார்த்தம், ராத்திரி விருந்துக்கு இருநூறு இலை. அதுதான் அவர்களுடைய முதல் பெரிய ஆர்டர். பாத்திரம் ஏற்றப் பேசியிருந்த வேன்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். அதே வாரம் திண்டிவனத்துக்காரர் ஒருவர் என் வண்டியை விலைக்குக் கேட்டு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம என் அண்டாவெல்லாம் இந்த வண்டி வல்லத்துல எறக்கிச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா திங்கக்கெழம அவரு வந்து ஓட்டிக்கினு போவட்டும். இன்னா சொல்றீங்க?"

வீறாப்பாகச் சரி என்றுவிட்டேன். டிக்கியில் ஒரு அண்டாகூட நுழையாது. கூரை மேல் கேரியர் இருந்தால்தான் உண்டு. இரண்டு நாள் பைத்தியம் பிடித்தவன் போல அலைந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த கட்டில்களுக்கு அடியில், கிடந்தது பாருங்கள், அசல் அம்பாசடர் கேரியர்! கடைக்காரர் முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சனிக்கெழமயில இரும்ப ஊட்டுக்குள்ள எடுத்தாராதீங்க."

அதனால் கேரியர் அன்று ராத்திரி என் நண்பனின் சைக்கிள் கடையில் தங்கியது. ஞாயிறு காலை அவனே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். கோட்டைப் பக்கம் வானம் கறுத்து, தூறல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை வெளியே எடுக்காமல் கொட்டகைக்குள்ளேயே வேலையைத் தொடங்கினோம். ஒரு காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்த கொட்டகை அது. வாசலுக்கு மேலே ஒரே கருங்கல், அதன் மேல்தான் கூரையே நிற்கிறது.

துருவைத் தேய்த்து எடுத்தோம். பெயின்ட் கீறாமல் இருக்க நண்பன் சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு காலுக்கும் அடியில் வைத்தான். எட்டு கிளாம்பில் மூன்றுக்கு மரை போயிருந்தது. அவன் தன் டப்பாவைக் கவிழ்த்து நட்டு தேட, நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்த, இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. கடைசி நட்டு இறுகியதும் கேரியரைப் பிடித்து ஆட்டினேன். வண்டியே ஆடியது, கேரியர் அசையவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும்விட்டேன்.

மனைவி தட்டோடு வந்தாள், பின்னாலேயே சமையல் பெண்கள் நாலு பேரும். வண்டிக்குப் பொட்டு, கேரியருக்குத் தனியாகப் பொட்டு, கற்பூரம், தேங்காய். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் ரிவர்ஸ் போட்டேன். பழம் நசுங்கியது. அடுத்த நொடி தலைக்கு மேல் 'கிரீச்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது.

கேரியர் கருங்கல்லில் இடித்து நின்றது. மூன்று விரல் உயரம் அதிகம். வாசலை அளக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. என்னைப் போல ஒரு முட்டாள் செஞ்சித் தாலுகாவிலேயே இருக்க மாட்டான் என்று வாய்விட்டே சொன்னேன். நாலு டயரிலும் காற்றை இறக்கிப் பார்த்தோம். இன்னும் ஒரு விரல் இடித்தது. மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் அண்டா வல்லத்தில் இருந்தால்தான் ராத்திரி விருந்துக்கு அங்கே அடுப்பு மூட்ட முடியும். வேறு வழியில்லாமல் கழற்றிவிட ஸ்பேனரை எடுத்தேன்.

"பொட்டு வெச்சி தேங்கா ஒடச்சாச்சு. அதப் போயி கழட்டுவீங்களா? மொதப் பெரிய ஆர்டர் அன்னிக்கா?" என்றாள் மனைவி.

"வேற இன்னா பண்றது?"

"கழட்டினா நான் இங்கயிருந்து எந்திரிக்க மாட்டேன்" என்று முன் கதவைத் திறந்து, சுவருக்கும் கதவுக்கும் நடுவே நுழைந்து, உள்ளே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் அதில் உட்காருகிறாள், அதுவும் கோபத்தில். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

மேலே பார்த்துக்கொண்டிருந்த நண்பன் கூவினான். "அண்ணி ஒக்காந்ததும் எறங்குதுபா வண்டி!"

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவளே முதலில் சிரித்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, "இன்னாடி பாத்துக்கினு நிக்கறீங்க? வந்து ஏறுங்க எல்லாரும்" என்று தன் ஆட்களை அழைத்தாள். பின்னால் மூன்று பேர், முன்னால் அவள் பக்கத்தில் ஒருத்தி. ஸ்பிரிங் முனகியது. நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நண்பன் கருங்கல்லில் கன்னத்தை வைத்துப் பார்த்தபடி, "வா, வா, வா" என்றான். ஒரு காகிதம் நுழையும் இடைவெளிதான். வண்டி வெளியே வந்தது! பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் ஓடியே போய்விட்டது.

நண்பன் காற்றடித்தான். அண்டாக்களைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டினோம். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வல்லத்தில் கடைசி அண்டாவை இறக்கினோம். அப்போது பார்த்துத் திண்டிவனத்துக்காரர் போன் செய்தார். மனைவி கையை நீட்டி வாங்கினாள்.

"நாளிக்கி வராதீங்கண்ணா. வண்டிய குடுக்கறதா இல்ல. எங்க வேலைக்கு வேணும்."

எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போல இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தவள், நீட்டிய கையை மடக்கவில்லை.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"ஓட்டக் கத்துக்கப் போறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்களுக்காக நின்னுக்கினு இருக்க முடியுமா?"

சாவியை அவள் கையில் வைத்தேன். வண்டி பிழைத்துவிட்டது. ஆனால் இனிமேல் அதை எடுக்க வேண்டுமானால் நான் அவளைத்தான் கேட்க வேண்டும்.