சாலையைக் கடக்க வந்த பனையேறிக் கெண்டை

போன அக்டோபரில் ஒரு மழைக்காலையில், திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தை ஒரு மீன் கடந்து போனது. நான் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அது போய்விட்டது. காவலாளி கைப்பேசியில் எடுத்த சில நொடிக் காணொளிதான் மிச்சம். "இது பனையேறிக் கெண்டைம்மா. எங்க நசரத்பேட்டை பக்கம் மழை பேஞ்சா ரோட்லயே பாக்கலாம்" என்றார் அவர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு ஆலையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அடுத்த நல்ல மழைக்காகக் காத்திருந்தேன். அது ஒரு சனிக்கிழமை பெய்தது. ஞாயிறு காலை கிளம்பிவிட்டேன்.

திருமுல்லைவாயில் நிலையத்தில் 6.40க்கு மின்சார ரயில். ஆவடிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஐந்து ரூபாய். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சாலையில் தண்ணீர் நின்றதால் முக்கால் மணி நேரம் பிடித்தது. பூந்தமல்லியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினேன். நசரத்பேட்டை தாண்டி வயல் பக்கம் போய், காத்திருந்து திரும்ப 350 ரூபாய். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஓட்டுநர் சேகர் அந்தப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குள்.

"மீன் வாங்கவா மேடம்?"

"இல்லண்ணா, பாக்க. ரோட்ல நடக்குமாமே."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "நடக்கும். ஆனா அதப் பாக்க ஆட்டோ வச்சிகினு வந்த மொத ஆளு நீங்கதான்."

நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இரண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு மண்சாலை. ஒரு பக்கம் பாசி படிந்த பள்ளம், மறுபக்கம் புதுத் தண்ணீர் நிற்கும் நெல்வயல். அதற்கப்பால் கிடங்குகளின் தகரக் கூரைகள். மழை விட்டு வெயில் வந்திருந்தது. எங்கள் இருவருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டோ நிழலில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. நமக்கு உடம்பெல்லாம் வியர்வை, அதற்கு நாக்கு. உடம்பைக் குளிர்விக்கும் ஒரே வேலைக்கு மனிதனுக்கு ஒரு வழி, நாய்க்கு ஒரு வழி. இந்த ஈரக்காற்றில் நம் வழி பெரிதாக எடுபடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒன்பதே காலுக்குப் பள்ளத்திலிருந்து ஒன்று ஏறியது. உள்ளங்கை நீளம், கரும்பச்சை நிறம். செவுள் மூடியை விரித்து, அதன் ஓரத்து முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து முன்னேறியது. நடை என்று சொல்ல முடியாது. ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் மூச்சுவிடாமல் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் காட்டலாம் என்று ஆசை வந்தது. கையில் வாய் அகன்ற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா இருந்தது. பள்ளத்துத் தண்ணீரை மொண்டு மீனை உள்ளே விட்டேன். தண்ணீர் குறைந்துவிடக் கூடாதென்று விளிம்புவரை நிரப்பி, துள்ளி விழாமலிருக்க இறுக மூடினேன். வேறு மீன் வருகிறதா என்று கரையோரம் நடந்துவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பினால், டப்பாவில் மீன் மூக்கால் மூடியை முட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முட்டுவதும் நின்று ஒரு பக்கமாகச் சரிந்தது.

மூடியைத் திறந்து, என் குடிநீர்ப் புட்டியிலிருந்து இன்னும் தண்ணீர் ஊற்றப் போனேன்.

"ஊத்தாதீங்க மேடம்" என்று சேகர் ஓடிவந்தார். "பாதிய கீழ கொட்டுங்க. அது மேல வந்து காத்து புடிக்கணும். சின்ன வயசுல நான் இப்டித்தான் பானைல ரொப்பி மூடி வச்சி, ரெண்டு மீனு செத்துப்போச்சி."

மீனுக்குத் தண்ணீரைக் குறைப்பதா? மனம் ஒப்பவில்லை. ஆனால் செத்த மீனைப் பார்த்தவர் அவர், நான் இல்லை. பாதியைக் கொட்டினேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மீன் மெல்ல நிமிர்ந்து, மேலே வந்து, வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியது. இன்னொரு மிடறு.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. இந்த மீனின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. காற்றிலிருந்து நேராக ஆக்சிஜனை எடுப்பது அதுதான். செவுள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஒரு மீன் முயன்று கற்றுக்கொண்ட வித்தை இல்லை இது. நாற்றமெடுத்த, ஆக்சிஜன் குறைந்த குட்டைகளில் கொஞ்சம் காற்றைப் பிடிக்க முடிந்தவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன. முடியாதவை போய்விட்டன. எண்ணிலடங்காத தலைமுறைகள் அப்படியே நடந்ததன் மிச்சம்தான் என் டப்பாவில் சரிந்து கிடந்தது.

அன்று அங்கே, வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசையை விட்டு, மீனைப் பள்ளத்திலேயே விட்டுவிடலாம் என்று டப்பாவோடு குனிந்தேன்.

"அங்கருந்துதான மேடம் அது கெளம்பி வந்துச்சி" என்றார் சேகர். "அந்தாண்ட வுடுங்க."

சாலையின் குறுக்கே ஆறு எட்டு வைத்தேன். வயல் வரப்போரம் டப்பாவைச் சாய்த்தேன். மீன் ஈரமண்ணில் கொஞ்சம் கிடந்தது. பிறகு செவுளை ஊன்றி, இரண்டு உந்தலில் நாற்றுகளுக்கிடையே போய்விட்டது. தண்ணீர் கலங்கி அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பும் வழியில் சேகர் டீ வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெருமழைக்கு மறுநாள் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் வராது என்றார் சேகர். பழைய செருப்பும் குடையும் அவசியம். வயல்கள் பிறருக்குச் சொந்தமானவை, சாலையிலேயே நில்லுங்கள். வண்டிகள் அதிகமில்லை, ஆனால் கிடங்குகளுக்கு லாரி வரும். மீன் நசுங்கிவிடுமோ என்று தோன்றினால் ஈரக்கையால் எடுங்கள், ஆனால் கவனம், செவுள் முள் குத்தும். எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் போகிறதென்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்தப் பக்கமே விடுங்கள்.