பதினேழாவது கேள்வி

முள்ளக்காட்டு வீரபாகு எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவர். உப்பளத்தில் எடை போட்டார், லாரிக்குச் சுமையாள் பிடித்துக் கொடுத்தார், முதுகு சண்டித்தனம் பண்ணியதும் இரண்டு வருடம் வீட்டில் சும்மா கிடந்தார். அவர் கழுத்தில் ஐம்பத்தோராவது வயதில் ஒரு பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை ஏறும் என்று யாரும் நினைத்ததில்லை. அவரும்தான்.

சென்னையிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் பொதுக்கொள்கைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. அரசாங்கம் ஒரு திட்டம் போடுமுன்னே ஊரில் நிலைமை என்னவென்று ஆராய்ந்து சொல்கிற இடம். அதற்குள் நான்கு ஆய்வு மையங்கள், மாடிக்கு ஒன்றாக. இரண்டாம் மாடியில் தொழிலாளர் நல மையம். மூன்றாம் மாடியில் பொது சுகாதார மையம். வீரபாகு இரண்டாம் மாடிக்குக் களப்பணியாளர். தூத்துக்குடி அளங்களில் உப்பு வாருகிற, சுமக்கிற பெண்களிடம் கேள்வி கேட்டு, பதிலை டேப் என்கிற கைக்கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். "எட்டாப்புத் தாண்டாத மனுசன் பள்ளிக்கு வேலைக்குப் போறாரு" என்று அவர் மனைவி தங்கத்தாய் சோற்றுத் தட்டை வைக்கும்போதெல்லாம் சிரிப்பாள். அந்தக் கேலி அவருக்குப் பிடித்திருந்தது. டீ குடிக்கப் போகும்போதுகூட அட்டையைச் சட்டைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்வார்.

அவரை வேலைக்கு எடுத்தது பெர்சி. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்து ஊர்ப் பிள்ளை, அந்த மையத்தில் ஆய்வாளர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. "அளத்துல பொறந்து வளந்த ஆளு வேணும், அண்ணாச்சி. பட்டம் நாங்க வச்சிருக்கோம்" என்றுதான் முதல் நாள் சொன்னாள். அப்போதிருந்து எதற்கெடுத்தாலும் அண்ணாச்சிதான்.

நாற்பத்திரண்டு பெண்கள், ஆளுக்கு முப்பத்தொரு கேள்வி. அதில் பதினேழாவது கேள்வியைக் கேட்க ஒரு பெண் வருவதாக ஏற்பாடு. திருநெல்வேலியில் வேறு வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். பெர்சி போன் செய்து, நீங்களே கேட்டுவிடுவீர்களா, கூச்சமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் வேறு ஆள் பார்க்கிறேன் என்றாள். வேறு ஆள் என்றதும் வீரபாகுவின் கை தானாகக் கழுத்து அட்டையைப் பிடித்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

கேள்வி இதுதான்: வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் இருக்கிறதா? மாதவிடாய் நாட்களில் அதைப் பயன்படுத்த முடிகிறதா?

முதல் ஆள் செல்லத்தாய். தங்கத்தாயோடு ஒன்பது வருடம் ஒரே அளத்தில் உப்புச் சுமந்தவள். காலை பத்து மணி வெயிலில் பாத்தி வரப்பில் குத்தவைத்து, காலில் ஒட்டிய உப்பைச் சுரண்டிக்கொண்டே பதினாறு கேள்விக்கும் பட்பட்டென்று பதில் சொன்னாள். பதினேழு வந்தது. வீரபாகு திரையையே பார்த்தார். எழுத்து எல்லாம் தெரிந்தது, வாய்தான் வரவில்லை. பெண்டாட்டியிடம்கூட வாய் திறந்து சொல்லாத ஒரு வார்த்தையை அடுத்த வீட்டுப் பொம்பளையிடம் எப்படிக் கேட்பது?

"என்ன அண்ணாச்சி, மெசினு நின்னுபோச்சா?"

சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுக்குப் போனார்.

போகிற வழியில் அளத்தின் ஓரத்தில் ஒரு தகர அறையைப் பார்த்தார். நீலக் கதவு. பூட்டுத் தொங்கியது. அளத்தில் வேறு எதற்கு இப்படி ஒரு சின்ன அறை கட்டப்போகிறான், அதுதான் என்று மனதுக்குள் முடிவு கட்டினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, செல்லத்தாய் பேருக்கு நேரே 'உண்டு, பயன்படுத்துகிறார்' என்று தொட்டார். ஒரு தடவை தொட்டதுதான் கஷ்டமாக இருந்தது. மீதி நாற்பத்தோரு பேருக்கும் விரல் தானாகப் போனது.

ஒரு வருடம் கழிந்தது. அறிக்கையை ஒப்படைக்குமுன் கூட்டம், களத்தில் நின்றவர்களும் வரவேண்டும் என்று பெர்சி ரயிலுக்கு டிக்கெட் போட்டு அனுப்பினாள். வீரபாகு புதுச் சட்டை எடுத்தார். மணப்பாட்டுக் கருவாடு ஒரு பொட்டலம் அந்தப் பிள்ளைக்கு என்று கட்டிக்கொண்டார்.

நீளமான மேசையைச் சுற்றி இரண்டு மாடிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் மாடியின் தலைவர் பேராசிரியர் கிருபாநிதி. அவருடைய ஆட்கள் அதே முள்ளக்காட்டுப் பக்கம் தனியாக மருத்துவ முகாம் போட்டிருந்தார்களாம். சோதித்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் சிறுநீர்த் தொற்று, சிலருக்குக் கல். பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரே பள்ளி. ஒரு மாடி கழிப்பிடம் இருக்குன்னு சொல்லுது, ஒரு மாடி போக இடமில்லாம நோய் வருதுன்னு சொல்லுது. அரசாங்கம் எந்த மாடியை நம்பணும்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பெர்சி சிரிக்கவில்லை. கழிப்பிடமும் ஓய்வறையும் கட்ட வேண்டிய அளங்களின் பட்டியலை அரசுத் துறை இந்தப் பள்ளியிடம்தான் கேட்டிருந்தது. பெர்சியின் அட்டவணையில் 'உண்டு' என்றிருந்ததைப் பார்த்து முள்ளக்காட்டு அளங்களை அந்தப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டும் 'உண்டு' என்று வருவது எந்த ஊரில் நடக்கும், இது உட்கார்ந்த இடத்தில் போட்ட கணக்கு மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அடுத்த மாதம் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது, அதைப் புதுப்பிப்பது இந்த அறிக்கையைப் பொறுத்தது என்பது வீரபாகுவுக்கே தெரியும்.

பெர்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வீரபாகு அண்ணாச்சி ஒவ்வொரு ஆளாப் போய்க் கேட்டது சார். அவரு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றுதான் ஆட்டினார். பின்னால் எத்தனையோ நாள் அதை நினைத்துப் பார்த்திருக்கிறார். டேப்பில் தொட்டதைவிட அந்தத் தலையாட்டல்தான் அவருக்குப் பெரிய அசிங்கமாகப் பட்டது.

தேநீருக்கு விட்டார்கள். அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து நாலு எட்டு வைக்குமுன்னே கதவு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, படம் போட்டிருந்தது. வெள்ளை ஓடு, குழாயில் தண்ணீர், கை துடைக்கக் காகிதம். இப்படி மாடிக்கு மாடி. கை கழுவும்போது கண்ணாடியில் அடையாள அட்டை தெரிந்தது. அதை எடுத்துச் சட்டைக்குள் விட்டார். விட்டும் அங்கேயே நின்றார். பிறகு நேரே கிருபாநிதியிடம் போனார். பெர்சி பக்கத்தில் கோப்பையோடு நின்றிருந்தாள்.

"ஐயா, அந்தப் பதினேழாவது கேள்விய நான் கேக்கல."

"யார்கிட்ட கேக்கல?"

"யாருகிட்டயும்."

ஏன் என்று பேராசிரியர் கேட்டார்.

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

வைவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் வையவில்லை. பெர்சி கோப்பையை ஓசைப்படாமல் மேசையில் வைத்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

பத்து நாளில் திரும்பக் கேட்டுத் தந்தால் பட்டியலைத் திருத்தி அனுப்பலாம் என்று முடிவானது. வேறு பெண்ணை அனுப்புவார்கள் என்று வீரபாகு நினைத்தார். பெர்சியே வந்தாள். டேப் அவள் கையில் இருந்தது. "நீங்க கேளுங்க. நான் ஏத்துதேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதே வரப்பு, அதே வெயில். செல்லத்தாய் எதிரே வந்து நின்றாள். வீரபாகு அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் கேள்வியைக் கேட்டு முடித்தார். மாதவிடாய் என்ற வார்த்தையையும் விழுங்கவில்லை.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செல்லத்தாய் சிரிக்கவில்லை.

"அங்கன நீலக்கதவு தெரியுதுல்லா, அதுல கங்காணி மோட்டாரு வச்சிருக்கான். எங்களுக்கு மறைவுக்கு இந்த உடைமரம்தான். வெளிச்சம் வருமுன்ன ஒருதரம், பொறவு வீட்டுக்குப் போயித்தான். அதுக்குப் பயந்துதான் தண்ணி குடிக்கதில்ல. அந்த மூணு நாளு பாதிப் பேரு வரவே மாட்டோம், கூலி போவும்." நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்குச் சிக்னலு இல்லன்னீரு. இதைக் கேக்க ஒமக்கு வெக்கமா இருந்துச்சாக்கும். மரத்துக்குப் பொறத்த குத்தவைக்க எங்களுக்கு வெக்கமில்லைன்னு நெனச்சீரோ? ஒம்ம வீட்டுக்காரியும் இங்கனதான ஒம்பது வருசம் கெடந்தா. அவளைக் கேட்டிருந்தா வீட்டுக்குள்ளயே பதிலு கெடைச்சிருக்கும்."

பெர்சி 'இல்லை' என்று தொட்டாள். தங்கத்தாய்க்கு எட்டு வருடத்துக்கு முன் கல் எடுத்த ஆஸ்பத்திரி வீரபாகுவுக்கு ஞாபகம் வந்தது. தண்ணி நல்லாக் குடிக்கணும்மா என்று டாக்டர் சொன்னபோது, இவரும் சேர்ந்துதான் அவளை வைதார்.

ஐந்து நாளில் நாற்பத்திரண்டு பேரையும் கேட்டு முடித்தார்கள். நாற்பத்திரண்டும் இல்லைதான். எல்லாரும் ஒரே பதில் சொல்லுகிற ஊரும் இருக்கத்தான் செய்கிறது. பட்டியலில் முள்ளக்காடு திரும்ப ஏறியது. அட்டையைக் கேட்டு யாரும் வரவில்லை, அவராகவே கழற்றிப் பெர்சியிடம் நீட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் நாசரேத்துப் பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போது திரும்பி, "வாரேன் சார்" என்றாள்.

சென்னைக் கூட்டத்திலிருந்தே அவள் அண்ணாச்சி என்று சொல்வதை விட்டிருந்தாள். அதைத் திரும்பச் சொல்லு என்று கேட்க வீரபாகுவுக்கு வாய் இல்லை. பஸ் போனபிறகு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தங்கத்தாயிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்தார். வாசல் வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை.