மாடிப்படியில் நின்ற பீரோ

பத்தொன்பது கிறிஸ்துமஸாக அந்த பீரோ மாடிப்படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நிஜ பீரோ எப்போதோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, இன்றும் படுக்கையறையில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. மாட்டிக்கொண்டது கதையில் வரும் பீரோ. அதை மேலே ஏற்றி முடிக்க பீரோக்காவுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் நேரம் கொடுக்கவில்லை.

பீரோக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஊர் வைத்தது. அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அழுக்குத்துணி வந்து விழும் நீள மேஜை முன்னால் நின்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் கோட்டில் ஒரு பேனா தப்பிப்போனால் போதும், மெஷினுக்குள் இருக்கும் ஐம்பது விரிப்பும் நீலமாகிவிடும். ஒருமுறை ஒரு பாக்கெட்டில் பல்செட்டின் கீழ்வரிசை கிடைத்தது. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய், "யாருக்காவது காலையிலேர்ந்து கடிக்க முடியலையா?" என்று கேட்டவள் அவள். கையில் கிடைப்பதைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். அந்தக் கையைத் தாண்டி ஒரு குண்டூசி போக முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி ஆட்களும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பு ஆட்களும் சேர்ந்து சமூகக்கூடத்தில் கலைநிகழ்ச்சி நடத்துவார்கள். மூன்று மணிக்கு ஆரம்பம், ஆறு மணிக்குக் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பாட்டு, ஆட்டம், காமெடி நாடகம், தாடி நழுவும் கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் திரையை மூடிவிட்டு உள்ளே மேஜை நாற்காலியை மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் ஜனங்கள் எழுந்து நடமாடாமல் திரைக்கு முன்னால் நின்று பேசிச் சிரிக்கவைப்பதுதான் பீரோக்காவின் பொறுப்பு. நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இருக்காது. யாராவது நாற்காலி தூக்குகிறவர் பெயரை அச்சடிப்பார்களா?

திரைக்கயிறு அவள் புருஷன் கையில். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கயிறு, கப்பி என்றால் அவரை விட்டால் ஆள் கிடையாது. உள்ளே மேடை தயாரானதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். திரை அவள் முதுகில் ஒருமுறை ஆடும். ஆடினால் வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டாவது முறை ஆடினால் இறங்கிவிட வேண்டும். வீட்டில் அவள் மணிக்கணக்கில் பேசினாலும் குறுக்கே ஒரு "ம்" போடுவதோடு சரி. மேடையில் மட்டும் ஒரு விநாடி தள்ளமாட்டார் பாவி மனுஷன். "மேடை ரெடின்னா ரெடிதான்" என்பார்.

அந்தக் கதை ஊருக்கே தலைகீழ்ப்பாடம். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், வேலைக்காக இந்த ஊருக்குக் குடிவந்தார்கள். ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி. ஊரெல்லாம் லிஃப்ட் சரிசெய்கிறவருக்கு லிஃப்ட் இல்லாத வீடுதான் வாய்த்தது. அவள் அப்பா சீராகக் கொடுத்த மர பீரோ இரண்டாம் மாடித் திருப்பத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேல்மாடிக்காரர்கள் வேலைக்குப் போக வேண்டுமே? பீரோவின் கதவைத் திறந்து, பின்பலகையைக் கழற்றினார்கள். மூன்று நாள் மேல்மாடி ஆட்கள் மொத்தமும் பீரோவுக்குள் நுழைந்து வேலைக்குப் போய், பீரோவுக்குள் நுழைந்து வீட்டுக்கு வந்தது. பீரோக்கா படியில் நின்று, "தலை, தலை, தலையைக் குனிங்க" என்று ஒவ்வொருவரையும் கைபிடித்து இறக்கிவிட்டாள்.

இதை அவள் நடித்துக் காட்டுவாள். கர்ப்பிணி நர்ஸ் பக்கவாட்டில் நுழைந்தது, தபால்காரர் உள்ளே நின்றபடியே கடிதம் பிரித்தது, முட்டிவலிக்காரத் தையல்காரம்மா பாதியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இங்கேயே சாப்பாடு கொண்டாங்க" என்றது. ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் நாள் காலை வரை வந்துவிடுவாள். திரை ஆடிவிடும். "மிச்சம் அடுத்த வருஷம்" என்று கும்பிட்டு இறங்குவாள். மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதுகூட, "பீரோக்கா, கடைசியில எப்படித்தான் மேல போச்சு?" என்று கேட்பார்கள். "மேடையில சொல்றேன்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாது.

அவள் மேடையில் சொல்ல நினைத்ததற்குக் காரணம் இருந்தது. முடிவை அவள் தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. வீட்டில் பேச்சை எடுத்தால் ரேடியோ ரிப்பேர் என்று நழுவிவிடுவார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும்தான் அந்த மனுஷன் எங்கேயும் ஓட முடியாது. இன்னொன்றும் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்கள் கைத்தட்டல் வாங்கத் திரை இழுத்தவர், தனக்கென்று ஒரு கைத்தட்டல் வாங்கியதில்லை. அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுடைய வைராக்கியம்.

இந்த வருஷம் அதில் மண் விழுந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் லேப் தம்பியிடம் வந்திருந்தது. நல்ல பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தை, ஆனால் எதற்கும் அவசரம். ஒத்திகை நாளில் பக்கவாட்டுச் சுவரில் பெரிய திரை ஒன்றைக் கட்டிவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, இனிமே நடுவுல வீடியோ ஓடும். நீங்க முன்னாடி உட்கார்ந்து ஜாலியா பாருங்க. எவ்வளவு வருஷம்தான் கால்கடுக்க நிப்பீங்க?"

"என் கால் கடுக்குதுன்னு உன்கிட்ட யார் சொன்னது?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"சரி, வீடியோ போடு. எனக்கு ஏழு நிமிஷம் தனியா கொடு. பேர் அச்சடி. பீரோவை மேல ஏத்திட்டு நான் ஒதுங்கிக்கிறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். நிரல் நிரம்பிவிட்டது என்றான். மறுநாள் காலை அவன் பரிசோதனைக்கூடத்தைத் திறக்கும்போது வாசலில் நின்றாள். மத்தியானம் அவன் வெள்ளைக் கோட்டு சலவைக்கு வந்தது, பாக்கெட்டில் மடித்த நிரல் இருந்தது. அதில் கடைசிக் கூட்டுப்பாட்டுக்கு முன்னால், 'பீரோ, ஏழு நிமிடம்' என்று தன் கையாலேயே எழுதி, துவைத்துத் தேய்த்த கோட்டின் பாக்கெட்டில் திரும்ப வைத்து அனுப்பினாள். அதற்கு மேல் அந்தப் பையன் என்ன செய்வான்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன் தட்டைப் பார்த்தபடி, "கதையில முடிவுன்னு என்ன இருக்கு? தள்ளினேன், போயிடுச்சு" என்றார்.

"அதைத்தாங்க சொல்லப்போறேன்" என்றாள்.

நிகழ்ச்சி நாள் வந்தது. வீடியோ நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். ஆஸ்பத்திரி ஆட்களின் பழைய படங்களைப் பாட்டோடு கோத்திருந்தான். பீரோக்காவே இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். வினை வேறு இடத்திலிருந்து வந்தது. காமெடி நாடகக்காரர்கள் கைத்தட்டலில் மயங்கி ஒரு காட்சியை இரண்டாம் முறை நடித்தார்கள். தாத்தாவின் தாடி மைக்கில் சிக்கி, பிரித்தெடுக்க ஆறு நிமிஷம் போனது. பாடகர் குழு கேட்காமலேயே ஒரு பாட்டை அதிகம் பாடியது. மணி ஐந்து ஐம்பது. கூடத்துக் காவலாளி சாவிக்கொத்தோடு கதவருகே வந்து நின்றுவிட்டார்.

லேப் தம்பி வியர்த்து வழிந்தபடி ஓடிவந்தான். "அக்கா, மன்னிச்சுக்குங்க. கூட்டுப்பாட்டுக்கு நாப்பது பேரை உள்ள நிறுத்தணும். அவங்க நிக்கிற ரெண்டு நிமிஷம்தான் உங்களுக்கு. அண்ணன் திரையை ஆட்டினதும் இறங்கிடுங்க, எப்பவும்போல."

எப்பவும்போல. அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இடுப்பில் செருகியிருந்த சின்னத் துணிமுடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். திரைக்கு முன்னால் போய், ஸ்டாண்டில் இருந்த மைக்கை வாய்க்கு இறக்கிக்கொண்டு நின்றாள்.

"முதல் ரெண்டு நாள் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட கேட்டுக்குங்க. நான் நேரா மூணாம் நாளுக்குப் போறேன்."

கூடம் சிரித்தது. பின்வரிசையில் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். திரை முதுகில் ஒருமுறை ஆடியது. நாற்பது பேரும் அதற்குள் நின்றுவிட்டார்களா, பாவிகள். அவள் கையைப் பின்னால் விட்டு, இரண்டு திரையும் சேரும் இடத்தைப் பிடித்து முஷ்டியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். இரண்டாவது சுண்டல் வந்தது. தோள்பட்டை வரை இழுத்தது. அவள் அசையவில்லை.

"பின்னாடி ஒருத்தர் என்னை இழுக்கிறார். வீட்டுக்காரர்தான், தப்பா நினைக்காதீங்க."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"நான் இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு இருக்கு. பீரோ மாட்டின அன்னைக்கு சாயங்காலம் படியில உட்கார்ந்து அழுதேன். பீரோவுக்காக இல்ல. இந்த ஊர்ல எனக்கு ஒரு முகம் தெரியாது. அவர் வேலைக்குப் போயிட்டா நான் யார்கூடப் பேசுவேன்? நான் செத்துக்கிடந்தாக்கூட யாருக்கும் தெரியாதுன்னு சொல்லி அழுதேன். அவர் எழுந்தார். போய் பீரோ பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னார். திரும்பி வந்து, 'நானும் பார்த்துட்டேன், இது நகராது, ரெண்டு மூணு நாள் ஆகும்'னார்."

திரை இப்போது இழுபடவில்லை.

"மூணாம் நாள் காலையில நீங்க எல்லாரும் இறங்கிப் போனதும், 'தள்ளினேன், போயிடுச்சு'ன்னார். நீங்க திரும்பி வந்தப்போ படி காலி. அடுத்த வாரம் நான் துணி துவைச்சேன். பாக்கெட்டைப் பார்க்காம துணியை நனைக்கிற பழக்கம் எனக்கு அப்பவே கிடையாது. பீரோ மாட்டிச்சே, அந்த முதல் நாள் அவர் போட்டிருந்த சட்டை, முழங்கை கிழிஞ்ச நீலச்சட்டை. அதோட பாக்கெட்ல இது இருந்தது."

முடிச்சைப் பல்லால் அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள். விரல்நீளத்தில் நான்கு போல்ட்.

"எங்க பீரோ ரெண்டு துண்டு. மேல் பாகமும் கீழ் பாகமும் சேர்ற இடத்துல இந்த நாலும்தான் பிடிப்பு. இதைக் கழட்டினா ரெண்டையும் தனித்தனியா ஒரு ஆளே தூக்கிட்டுப் போகலாம். முதல் நாள் சாயங்காலமே கழட்டிட்டார். கழண்டுடும்னு தெரிஞ்சதும், மேல் பாகத்தை அப்படியே திரும்ப வெச்சுட்டு, போல்ட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, நகராதுன்னு என்கிட்ட பொய் சொன்னார்."

உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினாள்.

"அந்த மூணு நாள்ல அறுபத்திரண்டு பேர் என் கையைப் பிடிச்சு இறங்கினீங்க. நாலாம் மாடி சூப்பர்வைசரம்மா பீரோவுக்குள்ள நின்னுதான் சலவைப் பிரிவுல ஆள் வேணும்னு சொன்னாங்க. என் பிள்ளைப்பேறுக்குக் கூட வந்த நர்ஸ் பக்கவாட்டுல நுழைஞ்சாங்களே, அவங்கதான். எனக்கு இந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொரு மனுஷரும் அந்த பீரோ வழியா வந்தவங்க. அதைத் திறந்து வெச்சவர் திரைக்குப் பின்னாடி கயிறோட நிக்கிறார். அவருக்கு இதுவரைக்கும் யாரும் கை தட்டினதில்ல. அவ்வளவுதான் கதை. பீரோ மேல போயாச்சு."

முஷ்டியிலிருந்து திரையை விட்டாள். அது திறக்கவில்லை. கோபித்துக்கொண்டாரோ, கயிற்றை விட்டுவிட்டுப் போயேவிட்டாரோ என்று பயந்தாள்.

மூன்றாம் வரிசையிலிருந்து தையல்காரம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். "மூணு நாள் என் முட்டியை உடைச்சது இந்த மனுஷன்தானா? திரையைத் திறப்பா, மூஞ்சியைப் பார்க்கணும்."

கூடமே வெடித்துச் சிரித்தது. திரை மெதுவாக, ஒவ்வொரு சாணாக விலகியது. உள்ளே வெள்ளை உடுப்பில் நாற்பது பேர் பாட்டை மறந்து ஓரமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் அவர், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, தலை நிமிராமல் நின்றார். தையல்காரம்மாதான் முதலில் கை தட்டினாள். பிறகு மேடையும் கூடமும் சேர்ந்து தட்டின. காவலாளிகூடச் சாவிக்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். மணி ஆறு ஐந்து.

லேப் தம்பி கைகாட்ட, பாட்டு தொடங்கியது. பீரோக்கா மேடையோரம் போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள். அவர் கயிற்றைக் கொக்கியில் சுற்றிக் கட்டினார். கண் கலங்கியிருந்தது. இரண்டாம் சரணத்தில் கையை நீட்டினார்.

"அந்த போல்ட்டைக் கொடு. பீரோ ஆடுது."

"இருபத்தொரு வருஷமா ஆடுது."

"எங்கேயோ விழுந்துடுச்சுன்னு நானும் தேடாத இடம் இல்ல."

அவள் அவர் உள்ளங்கையில் போல்ட்டுகளை வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். மூன்றுதான் இருந்தன. அவளைப் பார்த்தார். அவள் பாட்டுக்காரர்களைப் பார்த்துக்கொண்டு, நான்காவதைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் மூன்றையும் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பாட்டு முடிந்ததும் திரையை மூடினார்.